அவர்கள் கேட்காத பெயர்

இப்போதும் கண்ணை மூடினால் என் கையிலிருந்த அந்த மஞ்சள் துடைப்புத் துணி தெரிகிறது. பாரிஸில், லா சப்பலுக்குப் பின்னாலிருந்த சிறிய கண்காட்சி மண்டபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துப்புரவு வேலையில் பன்னிரண்டு வருடம். என் கண்ணுக்கு ஊத்தை தப்பாது என்று எனக்கொரு பெருமை. பெரிய புகைப்படமொன்றின் கீழே, விவர அட்டையில் யாரோ சிவப்பாக அப்பியிருந்தார்கள். அழுத்தித் துடைத்தேன். அடியிலிருந்து எழுத்துகள் பளிச்சென்று வந்தன: ‘பழங்குடிப் பெண். பெயர் தெரியவில்லை.’ எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தக் கண்காட்சியை வைத்த ஓவியர் அம்மா வந்தபோது கண்ணாடிக் கூரை வழியாகக் காலை வெயில் இறங்கி, மண்டபமே தண்ணீருக்குள் கிடப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. அவர் அவுஸ்திரேலியாவின் பூர்வகுடி. வெள்ளைக்காரர் எடுத்த பழைய படங்களைப் பெரிதாக்கி, அவர்கள் எழுதிவைத்த சொற்களின் மேல் தன் நாட்டுச் செங்காவியைப் பூசுவதுதான் அவருடைய கலை. அது எனக்கெங்கே தெரியும்? அட்டையைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் திறப்புவிழா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தைப் பொறுக்கியெடுத்து, “நான்தான் துடைத்தேன்” என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். “இவள் எங்கள் வீட்டுப் பெண். பெயர் எங்களுக்குத் தெரியும். படமெடுத்த அவர்கள் கேட்கவேயில்லை,” என்றார் மெதுவாக. அந்தப் பெயரை எனக்கும் சொல்லவில்லை. இறந்தவரின் பெயரைக் கண்டபடி வெளியே விடுவது தங்கள் வழக்கமில்லையாம். பிறகு என் பெயரைக் கேட்டார். அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் நான் வெறும் ‘மதாம்’, பெயரில்லாத ஓர் அம்மணி. முழுப்பெயரையும் சொன்னேன். குழைத்த காவியை என் விரலில் வைத்து, “நீயே பூசு” என்றார். மழை தொட்ட மண்ணின் மணம். கனவில்போல விரல் அந்த எழுத்துகளின் மேல் தானாக நகர்ந்தது.

மறுநாள் காலை, எங்கள் மேற்பார்வையாளரான யாழ்ப்பாணத்து அண்ணை சுற்றிப் பார்க்க வந்தார்.

“இதென்ன தங்கச்சி, இவ்வளவு ஊத்தை? கெதியாத் துடையுங்கோ. எங்கட பெரியவர், ஷெஃப், வரப்போறார்.”

அவருக்கு ‘ஓம், சரி’ மட்டுமே சொல்லிப் பழகிய வாய் என்னுடையது.

“அது ஊத்தையில்லை அண்ணை. நான் துடைக்கமாட்டன்.”

“உங்களுக்கென்ன விசரே? வேலை போயிடுமெல்லே!”

“போனாப் போகட்டும்.”

அவர் தானே துடைக்க வந்தார். அட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என் தலைக்கு மேலிருந்த அந்த முகத்தை அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ஆர் பிள்ளை, இந்த மனிசி?” என்று கேட்டார்.