ஃபயர்வாலும் ஃபியூஸ் கட்டையும்

ப்ரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கரண்ட் போனதும் முதலில் கேட்பது ஃபேன் நிற்கிற சத்தம் இல்லை, எல்லாத் தடுப்புக்குள்ளிருந்தும் ஒன்றாகக் கிளம்பும் "அய்யய்யோ"தான்.

அந்த "அய்யய்யோ"வுக்கெல்லாம் பதில் சொல்லும் இடத்தில் நான் இருந்தேன். விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் மாடியில் ஒரு சென்டர். எட்டாவதோடு நின்றவள் நான். பெருக்க, துடைக்க, வருகிறவர்களை உட்கார வைக்க என்று ஓனர் செல்வம் அண்ணன் வேலைக்கு வைத்தார். கைக்குழந்தையைத் தூக்கி வரலாமா என்று கேட்க வாய் வராமல் நான் நின்றபோது, அவரே மூலையில் தூளிக்குக் கொக்கி அடித்துக் கொடுத்தார். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பதைத் தாண்டி அப்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது.

நெத்தி எது?

வைரஸ் தொல்லை தாங்காமல் செல்வம் அண்ணன் ஒரு ஃபயர்வால் போட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. வெளியிலிருந்து வரும் நெட்டு அதற்குள் நுழைந்து வந்தால்தான் மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போகும். கடலூரிலிருந்து வந்த இன்ஜினியர் அதை மாட்டிவிட்டு, தன் நம்பரை மேலே ஒட்டிவிட்டுப் போனார். கரண்ட் போய் வந்தால் அது எழுந்திரிக்க ரொம்ப நேரம் பிடிக்கும். பச்சை விளக்கு நின்று எரிகிற வரைக்கும் தொடக்கூடாது என்றார்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து வந்தவள் இந்தப் பெட்டி முன்னால் தயங்கி நின்றேன். செல்வம் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "மூஞ்சியே இல்லாத பொட்டிக்கு நெத்தி எதுன்னு எனக்கும் தெரியலம்மா, நீயே ஒரு எடம் பாத்து வெச்சிரு."

ஊர்க் கை

மற்ற ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊரில் எது நின்றாலும் முதலில் மெயின் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார்கள். வெள்ளைப் பீங்கானில் இருக்குமே, அந்தக் கட்டைதான். பாதி ஊர் அதைச் செய்து பிழைத்தது. என் வீட்டுக்காரர்கூட சூளையில் அதைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தார். அதனால் பிடுங்கியதும் கம்பியைப் பார்க்க மாட்டார்கள். கட்டையைத் திருப்பி, அடியில் எந்தக் கம்பெனி முத்திரை என்றுதான் பார்ப்பார்கள்.

சென்டருக்குத் தினமும் வரும் கோவிந்தன் ஐயா செராமிக் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் இருக்கிற மகன் மெயில் போட்டிருக்கிறானா என்று பார்க்க வருவார். ஒரு கம்ப்யூட்டர் மெதுவாகப் போனால்கூட எழுந்து மெயின் பெட்டிக்குத்தான் போவார். அவர் கட்டையைப் பிடுங்க, எல்லாரும் இருட்டில் கத்த, பீங்கானை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சத்தத்தைக் கேளும்மா, வெங்கலம் மாதிரி இருக்குது, இது எங்க சூளையில வெந்த கட்டை."

வெள்ளிக்கிழமை

மங்கலம்பேட்டையிலிருந்து நூர்ஜகான் என்ற பெண் மாமியாரோடு வந்தாள். இடுப்பில் ஆண் குழந்தை, என் மகள் வயசுதான் இருக்கும். புருஷன் கமால் வளைகுடாவில். பிள்ளை பிறந்த பிறகு அவர் ஊருக்கே வரவில்லை, போட்டோவில் பார்த்ததோடு சரி. வேலை செய்யும் இடத்தில் நெட்டு கிடையாது. அன்றைக்கு ஜும்மா முடித்து டவுனுக்கு வந்து கேமராவில் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அடுத்த வாரம் பாலைவனத்துக்குள் வேறு வேலைக்குக் கொண்டுபோகிறார்களாம், அப்புறம் எப்போது என்று அவருக்கே தெரியாது. அவரை டவுனுக்குக் கூட்டிவரும் வேன் திரும்பக் கிளம்புகிற வரைக்கும்தான் நேரம்.

குழந்தைக்குப் புதுச் சட்டை, கண்ணுக்கு மை. கேமராவை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தேன். டக்கென்று கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து நாளாகியிருந்ததால் எல்லாம் ஒன்றாக அணைந்தது.

கரண்ட் திரும்பியது, கம்ப்யூட்டர்கள் வந்தன, ஃபயர்வால் மட்டும் வரவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்த செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் "ஃபியூஸைப் புடுங்கிப் போடு!" என்று கத்தினார். நான் வாய் திறப்பதற்குள் கோவிந்தன் ஐயா பிடுங்கியே விட்டார். அப்போதுதான் முனகி எழுந்துகொண்டிருந்த பெட்டி மறுபடி அணைந்தது. திரும்பப் போட்டதும் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. பச்சை விளக்கைக் காணோம். ஐயா கட்டை முத்திரையை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கட்டை நம்மூரு கட்டைதாம்மா, கோளாறு உன் பொட்டியிலதான்."

ஒய்

பெட்டி மேல் ஒட்டியிருந்த நம்பருக்கு அடித்தேன். "அந்தப் பொட்டிய வுட்டுட்டு நேரா குடுக்க முடியாதாக்கா?" என்று நூர்ஜகான் பக்கத்தில் நின்று கேட்டாள். முடியாதாம், நெட்டுக்கான பாஸ்வேர்டே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம். "பக்கத்துக் கம்ப்யூட்டர்ல இருந்து மானிட்டரையும் கீபோர்டையும் கழட்டி அதுல மாட்டுங்க, என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றார் இன்ஜினியர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. வார்த்தையாகப் படிக்க வராமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "பி, ஆர், இ, எஸ், எஸ்..." பின்னால் மொத்த சென்டரும் கூடி நின்றது. கூச்சத்தில் காது சுட்டது.

எஃப் ஒன் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன், திரை நகர்ந்தது. அடுத்து ஒரு கேள்வி வந்து நின்றது. "திடீர்னு நின்னதுல உள்ள எழுதி வெச்சதெல்லாம் கலைஞ்சிருக்கு, அது ஒவ்வொன்னா சரிபண்ணட்டுமான்னு கேக்கும். எத்தனை தடவை கேட்டாலும் ஒய் அழுத்துங்க. ஒய்னா சரின்னு அர்த்தம். நடுவுல மட்டும் கரண்டு போச்சு, அப்புறம் நான் நேர்ல வந்தாத்தான் ஆகும்" என்றார். எல்லாத்துக்கும் சரி சொல்வது எனக்கென்ன புதுசா? அது கேட்டது, நான் அழுத்தினேன். கேட்டது, அழுத்தினேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நூர்ஜகானின் மாமியாருக்குப் பொறுக்கவில்லை: "ஏம்புள்ள, கேக்குறதுக்கெல்லாம் சரி சரிங்குறியே, கடைசில கடையையே எழுதிக் கேக்கப் போவுது பாரு!"

எது நம்மளுது?

கேள்வி ஓயவில்லை. வேன் கிளம்பியிருக்குமோ என்று நூர்ஜகான் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்போது திரும்பிப் பார்த்தால், கோவிந்தன் ஐயா மெயின் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறார். பாவம், அவரும் அந்தப் பெண் அழுவதைப் பார்த்துத்தான் போயிருக்கிறார். ஃபியூஸ் கட்டையில் விரல் பதிந்துவிட்டது.

"கை வைக்காதீங்க!"

அது என் குரல்தான். நானே திடுக்கிட்டுப் போனேன். தூளியில் என் மகள் வீறிட்டாள், மாமியார் தோளில் தூங்கிய பிள்ளையும் சேர்ந்துகொண்டது. ஐயா சூடு பட்ட மாதிரி கையை இழுத்து வேட்டியில் துடைத்தார். எனக்கு மன்னிப்புக் கேட்க நேரமில்லை, கேள்வி காத்திருந்தது. ஒய். இன்னொரு ஒய். அப்புறம் எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின, பச்சை விளக்கு நின்று எரிந்தது.

கேமரா முன்னால் ஓடினோம். அவசரத்தில் தூளிப் பக்கம் நின்ற நூர்ஜகான் என் மகளை வாரிக்கொண்டாள், நான் அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம் சேர்ந்து வந்தது. கமால் போகவில்லை, வேனை நிறுத்தி வைத்திருந்தார். மை வழிய அழுகிற ரெண்டு குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பீக்கரில் அவர் சொன்ன முதல் வார்த்தை சென்டர் முழுக்கக் கேட்டது: "நூரு, இதுல எது நம்மளுது?"

இப்போது எல்லார் கையிலும் போன், ஃபயர்வாலும் இல்லை, சென்டரும் இல்லை, ஆனால் வீட்டில் மிக்ஸி நின்றால்கூட என் வீட்டுக்காரர் மெயின் பெட்டிக்குப் போவதும் நான் சமையலறையிலிருந்து "கை வைக்காதீங்க" என்று கத்துவதும் மட்டும் நிற்கவே இல்லை.