ரிஃபத்தின் தழும்பு

அலெக்ஸாந்திரியாவில் கார்பிஸின் ஸ்டூடியோவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர் சிர்வார்ட். படம் எடுப்பது கார்பிஸ். நெகட்டிவில் முகத்தைச் சரிசெய்வது இவர். சாதனம் என்று பார்த்தால் ஒரு பூதக்கண்ணாடி, ஊசிபோல் சீவிய பென்சில், சுரண்ட ஒரு சின்னக் கத்தி. கறுப்பு வெள்ளையில் முகத்தின் வடுக்கள் நேரில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். எல்லாவற்றையும் ஆற்றிவிடுவார்.

"இவகிட்ட ஒரு நாள் விட்டா ஒட்டகத்துக்கும் பொண்ணு கெடைக்கும்," என்பார் கார்பிஸ்.

"மொதல்ல உங்க மூக்கைக் கொண்டாங்க," என்பார் இவர், நிமிராமல்.

மீன் சந்தையில் கடை வைத்திருந்த, 'ரிஃபத்தின் அம்மா' என்ற பொருளில் எல்லோரும் அழைக்கும் உம்மு ரிஃபத், பெண் வீட்டாருக்குக் காட்டத் தன் மகனைப் படமெடுக்கக் கூட்டிவந்தார். பையனின் புருவத்துக்கு மேலே வெளிறிய வெட்டுத் தழும்பு.

"அது மட்டும் வேணாம் மேடம். ரவுடின்னு நெனச்சிருவாங்க."

"சின்ன வயசுல வெட்டினதே இவங்க மீன் கத்திதான்," என்றான் ரிஃபத். "இப்போ தடயத்தை அழிக்கப் பாக்கறாங்க."

மூவரும் சிரித்தார்கள். வெள்ளைத் தழும்பு நெகட்டிவில் கறுப்புக் கோடாக விழுந்திருந்தது. பென்சில் உதவாது, கத்தியால் சுரண்டி எடுத்தார் சிர்வார்ட்.

பெண் அமையுமுன் ரிஃபத்தை ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கால்வாய்ப் போர்முனையிலிருந்து செய்தி வந்தது, உடல் வரவில்லை. உம்மு ரிஃபத் அந்தப் படத்தோடு வந்து நின்றார். வேறு படம் அவரிடம் இல்லை.

"இது யாரோ பெரிய எடத்துப் புள்ள மாதிரி இருக்கு மேடம். அந்தத் தழும்பைத் திருப்பிப் போட்டுக் குடுங்க."

"சுரண்டினது திரும்பாது. வேணா அதே எடத்துல வரையலாம். எங்கன்னு காட்டுங்க."

தாயின் விரல் தன் வலது புருவத்துக்குப் போனது. இடதுக்கு நகர்ந்தது. மறுபடி வலதுக்கே வந்து நின்றது.

"இங்கதான்."

சிர்வார்ட் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தி பட்ட தேய்மானம் ரிஃபத்தின் இடது புருவத்தின் மேல் இருந்தது.

தேய்ந்த அந்த இடத்திலேயே பென்சிலை வைத்தார். மூன்று மெல்லிய இழைகள். புதுப் பிரதி ஈரத்தோடு வந்தபோது அதில் ரிஃபத் இருந்தான்.

"நான் வலதுன்னு சொன்னேனே?"

"படத்துல பக்கம் மாறித்தான் விழும், அம்மா. நீங்க சொன்னது சரிதான்." இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் சொன்ன ஒரே பச்சைப் பொய் அது.

"அப்போ நான் மறக்கல இல்ல?"

"மறக்கல."

படத்தை நெஞ்சோடு பிடித்தபடி உம்மு ரிஃபத் டிராம் நிறுத்தம் வரை போனார். பிறகு திரும்பி வந்து, வாசலில் நின்று, அதே கேள்வியை மறுபடி கேட்டார்.