வாய்க்கட்டு ஊசி என்று நான் வைத்த பெயர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, பேரனோடு சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. எழுத்துக் கூட்டி இதை எழுதவே பல நாள் ஆயிற்று. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

பல்லடம் பக்கம் எங்களுக்குப் பத்துத் தறி. தொண்ணூறுகளில் மூத்த மகனுக்கு முதலில் பிறந்தவன் அந்தப் பேரன். ஒன்றேகால் வயதில், தனியார் டாக்டரிடம் அம்மை ஊசி போட்டோம். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. அதுவரை "ம்மா", "தா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அந்த மாதத்தோடு அதையும் விட்டான். நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்குவான். ஒன்றை எடுத்துவிட்டால் தலையைச் சுவரில் மோதுவான். தறிச் சத்தத்தில் காது போயிற்றோ என்று பார்த்தால், பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான்.

"ஊசிதானுங்க புள்ளையோட வாயைக் கட்டிப்போட்டுது" என்று முதலில் சொன்னவள் நான்தான். எதிராளியின் பேச்சை மந்திரவாதி அடக்குவதை வாய்க்கட்டு என்பார்கள். சொல் பிடித்துக்கொண்டது. ஒரே மாதத்தில் எங்கள் வீதியில் அம்மை ஊசிக்கே வாய்க்கட்டு ஊசி என்று பெயராகிவிட்டது. என் பேச்சுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா, பையனுக்கு ஆட்டிசம் என்றார். அந்தச் சொல் என் வாயில் நுழையவில்லை. மருந்து கிடையாது, பழக்கிப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும் என்றார்.

"ஊசியாலதானுங்களே?" என்றேன்.

"இல்லீங்கம்மா. ஊசி போடற வயசுலதான் இது வெளிய தெரிய ஆரம்பிக்கும். அதனால அப்படித் தோணுது."

நான் நம்பவில்லை. டாக்டர் டாக்டரை விட்டுக்கொடுப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவனுக்குத் தங்கையாகப் பேத்தி பிறந்தாள். ஒன்பதாம் மாதம் ஐஸ் பெட்டியோடு நர்சம்மா வீட்டுக்கே வந்தார். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அம்மணி, தட்டம்மைக்குப் போடறதுதான், பயப்படாதே" என்றார் நர்சம்மா.

"எங்க அத்தையைக் கேளுங்க. ஒண்ணு வாயில்லாம இருக்கறது போதும்" என்றாள் மருமகள் உள்ளிருந்தே.

எனக்கு உச்சி குளிர்ந்தது. நர்சம்மாவுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அடுத்த மாதமே எதிர்வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை வார்த்தது. வேப்பிலை கட்டினார்கள். நாலைந்து நாளில் சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்க, காரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குழந்தைக்கும் ஊசி போட்டிருக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் வைத்த பெயர்தானே. அது பிழைத்து வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பேத்தியோ அந்த வீட்டு வாசல்வரை தவழ்ந்து போய்வந்தவள். எந்நேரமும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் ஊசி விஷயத்தில் மருமகள் அசையவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது?

அந்த வாரம் என் மகள் வந்தாள். அண்ணன் மகனின் காதுகுத்து வீடியோவில் தன் பட்டுச்சேலை எப்படித் தெரிகிறது என்று பார்க்கக் காசெட்டைப் போட்டாள். குலதெய்வம் கோயிலில், பதினோராம் மாதத்தில் செய்த சீர் அது. தாய்மாமன் மடியில் பேரன். காது குத்துகிறார்கள், அழவில்லை. "என்ற பேரனுங்க, சிங்கம்! அழுவானா?" என்று என் குரல். அன்றைக்குச் சனமெல்லாம் மெச்சியது. அப்புறம் நான் கூப்பிடுகிறேன்: "கண்ணு, இங்க பாரு. சாமி, அப்பத்தாளைப் பாரு." கை தட்டுகிறேன், கிலுகிலுப்பையை ஆட்டுகிறேன். அவன் கோயிலில் தொங்கி ஆடுகிற மணியையே பார்க்கிறான். மாமன் தாடையைப் பிடித்துத் திருப்பினாலும் கண் மட்டும் மணியிடமே போகிறது.

"மறுக்கா போடு" என்றாள் மருமகள். மூன்று முறை பார்த்தாள். "அத்தை, இது ஊசிக்கு நாலு மாசம் முந்தி."

"ஆமா சாமி. அன்னைக்கே இருந்திருக்குது. நாந்தான் சிங்கம்னு சொல்லிப்போட்டேன். ஊசி மேல பழியைப் போட்டதும் நாந்தான்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய்ப் பேத்தியின் சட்டையை மாற்றினாள்.

அடுத்த ஊசி நாளில் பால்வாடிக்கு நானே பேத்தியைத் தூக்கிப் போனேன். வாசலில் நின்ற ஒருத்தி சிரித்தாள்: "ஏனுங்க பெரியம்மா, வாய்க்கட்டு ஊசிக்கா வந்திருக்கறீங்க?"

"ஆமா அம்மணி. கட்ட வேண்டியது என்ற வாயைத்தான். உன்ற புள்ளையையும் கூட்டிட்டு வா" என்றேன். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீறிட்டு அழுதாள், என் சேலையைக் கடித்தாள்.

பேரனைத் தினமும் பழக்கியதில், ஆறு வயதில் தண்ணி வேண்டும் என்று கேட்டான். இப்போது தார் சுற்றுகிறான். பேச்சு கொஞ்சம்தான்.

அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்ட பேத்தி இப்போது லீவுக்கு வந்திருக்கிறாள். இதை எழுதிய நோட்டை அவளிடம் கொடுத்து, "கண்ணு, சத்தமா படி. ஊசிக்கு அப்பத்தா பேர் வெச்ச எடத்தை முழுங்கிப்போடாம படி" என்றேன்.