கேட்டு வெட்டிய முடி

மந்தைவெளிப் பக்கம் வீடற்ற பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் நான் சமூகப் பணியாளர். புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே முடியை ஒட்ட வெட்டிவிடுவது அங்கே வழக்கம். பேன் பரவக் கூடாதாம். யாரையும் கேட்பதில்லை.

தி.நகரில் மனித உரிமைப் பயிற்சி ஒன்றில் கொட்டாவி விட்டுத் திரும்பிய மறுநாள், மயிலாப்பூர் குளத்தருகே பூ விற்று, அங்கேயே நடைபாதையில் படுத்துக்கிடந்த ஓர் அம்மாளைக் கூட்டிவந்தார்கள். இடுப்பு வரை முடி. கத்திரியைப் பார்த்ததும் கொண்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"முடில கை வெச்சே, நான் ரோட்டுக்கே பூடுவேன்."

சம்மதம் இல்லாமல் ஒருவரைத் தொடக் கூடாது என்று வார்டனிடம் சொன்னேன். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்றுதான். கேட்பார் என்ற நம்பிக்கையெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அவர், "ஒரு வாரம் பாக்கறேன் மேடம். அப்பவும் பேன் இருந்தா வெட்டிடுவேன்" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை பேருக்கும் அடுத்தடுத்துப் பாய் விரிக்கிற ஒரே கூடம்.

தினமும் சாயங்காலம் மருந்து தடவி, பேன்சீப்பால் நானே வாரினேன். முதுகு விட்டுப்போயிற்று. என் மகளுக்குக்கூட இவ்வளவு பொறுமையாக வாரியதில்லை. வாரக் கடைசியில் ஓர் ஈர்கூட இல்லை. வார்டனே வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஜெயித்துவிட்டதாக எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

மறுநாள் மதியம் அந்த அம்மாள் வாசற்படியில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பந்தியில் இடம் இருந்தது. ஏன் என்று கேட்டேன். பந்தியிலிருந்து ஒருத்தி பதில் சொன்னாள்.

"அவங்க மகாராணி. எங்க முடிய வெட்டும்போது எவ வந்து கேட்டா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

சாயங்காலம் அந்த அம்மாள் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"வெட்டிடும்மா. ஒருத்தியும் மொகம் குடுத்துப் பேசல. முடிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"நெஜமாவே சம்மதமாம்மா?"

"கேக்கணும்னு நீதானே சொன்னே. கேட்டுட்ட இல்ல, வெட்டு."

வெட்டினேன். அங்கே சம்மதம் கேட்டு வெட்டிய முதல் முடி அதுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.