இடது பக்கம் மீசை, வலது பக்கம் சர்ட்டிபிகேட்

பந்தயத்தில் வைக்கப்பட்டது என் அண்ணனின் மீசை. இரண்டு முனையும் மேலே ஏறிய முறுக்கு மீசை. திருவேங்கடத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் அவனைவிட அதுதான் தெளிவாக விழுந்திருந்தது. ஆடி முடிந்து ஆவணியில் நேரில் போவதாக ஏற்பாடு.

அவன் என் பெரியப்பா மகன். சங்கரன்கோவிலில் வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், வெல்டிங்கும் அவனே. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். வீட்டில் இருந்தால் வாயாடுகிறேன் என்று, அளவெடுக்கவும் படம் வரையவும் அங்கே அனுப்பினார்கள். அங்கே போய் வாயாடினேன்.

மாசியில் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவர் தன் குட்டியானை மினி லாரியைக் கொண்டுவந்தார். இரும்புத் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்து, ஒரு கிடாயின் கால் அதில் மாட்டிக்கொண்டதாம். துருவே பிடிக்காத அலுமினியத் தகடு வேண்டும் என்றார். இரும்புச் சட்டத்தின் மேல் தகட்டை வைத்து நேராக ரிவிட் அடித்துவிடலாம் என்று அண்ணன் கிளம்பினான்.

"அண்ணே, ரெண்டும் தொடக்கூடாது. நடுவுல ரப்பர் வேணும்" என்றேன்.

"எதுக்குட்டி? ஆட்டுக்குக் கால் நோவுமா?"

"ரெண்டும் வேற வேற உலோகம். ஊடால ஆட்டு மூத்திரம் போச்சுன்னா பேட்டரி மாதிரி ஆயிரும். அலுமினியம் அரிச்சு மாவாப் போயிரும்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் வியாபாரியிடமே ஒரு சிரட்டை நிறைய அந்த ஆட்டுச் சரக்கு வாங்கினேன். அதில் ஒரு துண்டு இரும்பையும் ஒரு துண்டு அலுமினியத்தையும் தொடாமல் நிறுத்தி மீட்டரை வைத்தேன். எண் ஓடியது. வியாபாரி குனிந்து பார்த்தார்.

"இதுல போனு சார்ஜ் ஏறுமா மக்கா?"

"ஏறாது அண்ணாச்சி. உங்க தகடுதான் கரையும்."

அண்ணன் மசியவில்லை. "மீட்டர்ல ஓடும். வண்டியில ஓடாது."

அப்படித்தான் பந்தயம் பிறந்தது. தரையின் இடது பாதி அவன் வழியில், தகடு நேராக இரும்பின் மேல். வலது பாதி என் வழியில், பழைய லாரி டியூபை வெட்டி நடுவில் வைத்து, போல்ட் முடுக்கி. பெண் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் கழற்றிப் பார்ப்பது. இடது அரித்திருந்தால் மீசை போகும். வலது அரித்திருந்தால் என் டிப்ளமோ சர்ட்டிபிகேட்டை லேமினேட் செய்து அந்த வண்டியின் சக்கரத்துக்குப் பின்னால் மட்ஃபிளாப்பாகத் தொங்கவிட வேண்டும். கெட்டுப்போன தகட்டைப் பட்டறையே மாற்றித் தரும் என்றதும் வியாபாரி நடுவராக இருக்கச் சம்மதித்தார்.

வண்டி கிளம்பும் முன் அவரைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணாச்சி, கிடாய எல்லாம் இடது பக்கமே கட்டுங்க. தண்ணித் தொட்டியும் அங்கனயே இருக்கட்டும்." தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆவணி பிறந்ததும் வண்டி வந்தது. இடது பக்கத் தகட்டை நெம்பியதும் அடியில் வெள்ளை வெள்ளையாக, கோலமாவு கொட்டியதுபோல் உதிர்ந்தது. அண்ணன் கை தானாக மீசைக்குப் போனது. நான் பட்டறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடிவிட்டு வலது பக்கத்தைக் கழற்றினேன். ரப்பர் மேல் கிடந்த இடமெல்லாம் தகடு பளபளவென்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் எட்டணா அளவுக்கு வெள்ளை வட்டம். போல்ட் துளைகள் வாயைப் பிளந்திருந்தன.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாததுபோல் நின்றேன். இரண்டு உலோகத்தையும் டியூப் வைத்துப் பிரித்தவள், அதே கையால் இரும்பு போல்ட்டை இரண்டையும் துளைத்து முடுக்கியிருந்தேன். சண்டைக்காரர்களுக்கு நடுவில் சுவர் எழுப்பிவிட்டு, அதில் வாசலும் வைத்த கதை.

"கிடாய எல்லாம் இடது பக்கந்தானே கட்டுனீங்க?" என்று வியாபாரியிடம் மெல்லக் கேட்டேன்.

"நீ இடதுன்னு சொன்ன. ஒங்க அண்ணன் போனு போட்டு வலதுன்னு சொன்னான். கிடாய் ரெண்டு பேரு பேச்சையும் கேக்கல. நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பெஞ்சிட்டு."

தீர்ப்பு உடனே வந்தது. இரண்டு பேரும் தோற்றோம். நான் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து கொடுத்தேன். ஒரிஜினலா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு ஜெராக்ஸ் வசதி இல்லை. பெண் பார்க்கப் போகும் அன்று காலையில் மழித்துவிட்டு வந்தான். மேல் உதடு மட்டும் வெயிலே படாமல் வெளுத்திருந்தது.

திருவேங்கடத்தில் பெண்ணின் அம்மா தண்ணீர் கொடுத்தார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், வாசலையும் எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "மாப்பிள பின்னால வாராரோ?"

உள்ளே பெண் சிரிப்பது கேட்டது. காரணத்தை அண்ணனே சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்டு மூத்திரத்தை எப்படி நாகரிகமாகச் சொல்வது என்று தெரியாமல் 'ஆட்டுத் தண்ணி' என்றான். காப்பி வந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. மீசை வளர்ந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பெண் சொல்லி அனுப்பினாள்.

திரும்பும் வழியில் அண்ணன் மேல் உதட்டைத் தடவிக்கொண்டே கேட்டான். "ஏட்டி, போல்ட்டு தகட்டத் தொடாம பிளாஸ்டிக் புஷ் மாட்டணும்னு ஒனக்குக் காலேஜில சொல்லித் தரலியா?"

"தந்தாங்க. அன்னைக்கு நான் லீவு."