அக்காவின் சப்பாத்து

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் எழுதத் துணிந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இதை அக்காவிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கனடாவிலிருந்து இருபது வருடத்துக்குப் பிறகு அக்கா எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய்க்கு வந்திருந்தாள். சீனியில்லாத தேநீர் குடிப்பாள். விடிந்ததும் கடற்கரையில் நடப்பாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆனால் மீன் கொண்டுவந்த பெண் என்னிடம், "இவ உங்கட தங்கச்சியோ?" என்று கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குள்ளும் அக்கா காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றமாட்டாள்.

"எங்கட மண் உங்களுக்கு ஊத்தையாப் போச்சோ?" என்று குத்தினேன்.

"பழகிப்போச்சடி" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை சப்பாத்தை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன். எங்களைப்போல வெறுங்காலோடு நடக்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு, "கடல் மண்தானே" என்று போய்விட்டாள்.

திரும்பி வந்து குசினியில் அடுப்பருகே நின்று கதைத்தாள். வாசலிலிருந்து அவள் நின்ற இடம்வரை நிலமெல்லாம் இரத்தம். குதிக்காலில் உடைந்த போத்தல் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது.

"ஐயோ அக்கா, நோகேல்லையோ?"

குனிந்து பார்த்தவளின் முகம் வெளிறியது.

"தெரியேல்லையடி. அங்க போய் ரெண்டு வேலை செய்தன். கடைச் சாப்பாடும் சோடாவும்தான். இரத்தத்தில சீனி கூடி, அந்த வருத்தத்தில காலில உணர்வே இல்லை. டொக்டர் வெருட்டின பிறகுதான் இந்த நடையெல்லாம். சப்பாத்தைக் கழட்டவே கூடாதாம். எங்க வச்சனோ..."

அவளுடைய பயத்தைத்தான் நான் பெருமை என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒளித்ததைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடிய அக்கா நடக்கப் போகவில்லை. கால் வீங்கியிருந்தது.