மேல் தடி வேம்புதான், ரீச்சர்

என் எழுத்துக்காக முதலில் ரீச்சரின் மகள் சுபாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாயாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதும் இந்தத் தாள்களை அவள்தான் வாசித்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சில எழுத்துகள் மாங்கொட்டை அளவு, சில எறும்பளவு. ஒவ்வொரு வரியும் நேராகத் தொடங்கி, முடியும்போது கீழே சரிந்துவிடுகிறது. "நீங்கள் சொல்லுங்கோ மாமா, நான் போனில அடிக்கிறன்" என்று இரண்டு தரம் சொன்னாள். ஏலாது என்று சொல்லிவிட்டேன். தவமணி ரீச்சரைப் பற்றி வாயால் சொல்ல எங்கள் ஊர் கரம்பொனில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். எழுபத்தாறு வயதில் அவரிடம் எழுதப் பழகிய நான் எழுதித்தான் ஆகவேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

செய்தி வெள்ளிக்கிழமை காலை பாண் ரொட்டி விற்கும் ஓட்டோவோடு வந்தது. ஒழுங்கையில் அதன் பாட்டுக் கேட்டு வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனேன். பாண்காரர் பாணை என் கையில் தந்துவிட்டு, "அண்ணை, உங்கட ரீச்சரெல்லே விடியக்காலமை மோசம் போயிட்டா. நெஞ்சு நோவாம்" என்றார். பாட்டை நிறுத்த அவருக்கு நினைவு வரவில்லை. அது பாடிக்கொண்டே இருந்தது. எனக்கு முதலில் வந்தது கண்ணீர் அல்ல, கோபம். மறுநாள் சனிக்கிழமை, வகுப்பு நாள். கொப்பி எழுதி முடித்து மேசையில் இருந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் கிளியிலிருந்து தொடங்க வேண்டும்.

செல்லன் மொட்டைப்பனைப் பொந்திலிருந்து குஞ்சாக விழுந்த பச்சைக்கிளி. ஒரு செட்டை முறிந்து பொருந்தியதால் பறக்காது. என் மனைவி காலமான பிறகு என் வீட்டில் எனக்கு மறுமொழி சொல்வது அது ஒன்றுதான். அதற்குக் கூடு கட்டியபோது என் தொழில் பெருமை முழுவதையும் அதில் காட்டினேன். ஐம்பது வருடம் வேலி அடைத்தவன் நான். பூவரசந்தடி மூன்றை வெட்டி, தோல் உரித்து, உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி, மூன்றையும் ஒரே தடிப்பில் வழுவழுப்பாக்கிக் கூட்டுக்குள் பூட்டினேன். கையை வைத்தால் வழுக்கும். அவ்வளவு வடிவு.

இரண்டு வருடங்களுக்கு முன் செல்லன் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கியது. உள்ளங்கால் சிவந்து, நடுவில் புண். ரீச்சர் ஓய்வுபெறும்வரை மாட்டாஸ்பத்திரியில் வேலை செய்தவர், அதன் பிறகுதான் வாசிகசாலையில் எழுத்து வகுப்பு நடத்தி ரீச்சர் ஆனவர் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டோடு தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் காலைப் பார்க்கும் முன்பே தடியைப் பார்த்தார்.

"இதென்ன நாகேசு அண்ணை, கிளிக்கூடோ, மண்வெட்டிப் பிடி விக்கிற கடையோ?"

"ஏன், தடிக்கு என்ன குறை?"

"குறை இல்லாததுதான் குறை. மூண்டும் ஒரே தடிப்பு. விடிஞ்சால் பொழுதுபட்டால் ஒரே இடத்திலதான் கால் ஊண்டுது. நீங்கள் வருசக்கணக்கா செருப்பில்லாமல் ஒரே கல்லில நிண்டு பாருங்கோ."

புண்ணுக்கு மருந்து தந்தார். பிறகு ஒரு தாள் எடுத்து, எந்த மரத்தின் கொப்பு வைக்கலாம், எது கூடாது என்று மளமளவென்று எழுதி, எழுதும்போதே சொல்லிக்கொண்டும் போனார். கொப்பு ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்க வேண்டும். கிளி பிடிக்கும்போது முன்விரலும் பின்விரலும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. தண்ணீர்ச் சிரட்டைக்கு மேலே தடி வைத்தால் எச்சம் அதற்குள் விழும். நான் தலையாட்டினேன். தாளை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லவில்லை. அவருக்கு மட்டுமல்ல, யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. கடிதம் வந்தால் கண்ணாடி உடைந்துவிட்டது என்பேன். மூன்று கண்ணாடிகளை அப்படி உடைத்திருக்கிறேன், வாயால்.

வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வேலையைத் தொடங்கினேன். கொய்யா என்று சொன்னது நினைவிருந்தது. வேம்பு என்று சொன்னதும் நினைவிருந்தது. அலரி என்றும் ஒரு சொல் காதில் விழுந்திருந்தது. கிணற்றடியில் அலரி செழித்து நின்றது. நல்ல நேர்த்தியான கொப்பு ஒன்று வெட்டி, வேலிக்குத் தடி கட்டுவதுபோல இறுக்கிக் கட்டினேன். என் நல்ல காலம், அன்று பின்னேரமே ரீச்சர் கிளியின் காலைப் பார்க்க வந்தார். கூட்டைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கதவைத் திறந்து, அந்தக் கொப்பை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார்.

"கிளியைக் கொல்லுறதெண்டால் நேரா கழுத்தைத் திருகுங்கோ அண்ணை! அலரி நஞ்சு எண்டு தாளில கோடு போட்டெல்லே எழுதித் தந்தனான்?"

"நீர்தானே அலரி எண்டனீர்."

"கூடாது எண்டு சொன்னனான்! தாளைப் பார்க்கேல்லையோ?"

நான் கண்ணாடி என்று தொடங்கினேன். அவர் என் மூக்கைப் பார்த்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அப்போது வேலிக்கு அப்பால் அயலவர் இரண்டு பேர் நின்றார்கள். ரீச்சர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். கிணற்றடியில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். சைக்கிளை நிமிர்த்தும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சனிக்கிழமை பத்து மணிக்கு வாசிகசாலைக்கு வாங்கோ. கிளி வேண்டாம். நீங்கள் மட்டும்."

போய் இருந்தேன். வகுப்பில் ஐந்து பேர், நான்தான் மூத்தவன். பேனையைப் பிடிக்க விரல் வளையவில்லை. வேலிக்குக் குழி தோண்டும் அலவாங்கு பிடித்த கை. எழுத்து ஒன்று சரிவர மூன்று சனிக்கிழமை போனது. கொப்பியைக் கிழித்துப்போட்டு எழும்பிப் போன நாளும் உண்டு. "எனக்கு ஏலாது, விடும்" என்றால், "ஏலாதெண்டு முதல் எழுதிக் காட்டுங்கோ, பிறகு விடுறன்" என்பார். எழுதிக் காட்டவே இரண்டு மாதம் சென்றது. அதற்குள் விடுகிற எண்ணம் போய்விட்டது.

அதே காலத்தில் கூட்டுக்குள்ளும் இழுபறி நடந்தது. வழுவழுப்பான தடி மூன்றையும் கழற்றி, கரடுமுரடான கொய்யாக் கொப்புகளைத் தோலோடு வைத்தோம். செல்லன் ஏற மறுத்தது. கூட்டுக் கம்பியிலேயே தொங்கிக்கொண்டு நின்றது. பதினொரு நாள். நான் ரீச்சரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"உம்முடைய கொப்பு அதுக்குப் பிடிக்கேல்லை. என்ரை தடியைத் திரும்பப் போடப்போறன்."

"எழுபத்தாறு வருசம் பள்ளிக்கூடப் பக்கம் வராத ஆள் வந்திருக்கிறார். கிளிக்குப் பதினொரு நாள் குடுக்க ஏலாதோ?"

பன்னிரண்டாம் நாள் ஏறியது. நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் ரீச்சர் எனக்கென்று ஒரு வீட்டுவேலை தந்தார். தினமும் மைமல் பொழுதில் செல்லன் எந்தக் கொப்பில் உறங்கப் போகிறது என்று பார்த்து, கொப்பியில் எழுதிச் சனிக்கிழமை காட்ட வேண்டும். தொடக்கத்தில் ஒற்றைச் சொல்தான். கொய்யா. கம்பி. கொய்யா. புண் காயத் தொடங்கியது. காய்ந்தும் முழுதாக ஆறவில்லை. அங்கேதான் எங்கள் கடைசிச் சண்டை வந்தது.

கிளி உறங்குவது கூட்டின் மேல் தடியில். அதற்கு வளைந்து இரண்டாகக் கவைத்த வேப்பங்கொப்பு ஒன்றை வைக்கச் சொன்னார். வேலிக்காரன் வளைந்த கொப்பை அடுப்புக்குத்தான் போடுவான். மேலே நேரான கொய்யாதான் என்றேன். வேம்பு என்றார். கொய்யா என்றேன். ஒன்றரை மாதம் இழுபட்டோம். "உங்கட மண்டை அந்தப் பூவரசந்தடி மாதிரி, ஒரு முடிச்சும் இல்லை" என்றார் ஒருநாள், வகுப்பில் எல்லோரும் சிரிக்க. இந்த வருடம் சிவராத்திரி கழிந்து, அவருக்குச் சொல்லாமல், வேப்பங்கொப்பை வெட்டி மேலே வைத்தேன். அன்றைக்கே செல்லன் ஏறி, கவையின் தடித்த பக்கம் ஒரு காலும் மெலிந்த பக்கம் மற்றக் காலுமாக ஊன்றி, தலையைச் செட்டைக்குள் செருகிக்கொண்டது. இரண்டு காலும் ஊன்றி அது உறங்கியதை நான் கண்டு வெகுகாலம். இரண்டு கிழமையில் புண் இருந்த இடமே தெரியவில்லை.

வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முழு வசனங்களாக, ஒரு முழுப் பக்கம், ஒருவர் உதவியும் இல்லாமல் எழுதி, அவர் கையில் கொடுத்து, அவர் வாசிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு சனிக்கிழமைகள், எழுதி முடியவில்லை என்று கொப்பியை மறைத்தேன். அவர் போவதற்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை, சங்கக்கடை வாசலில் கண்டார். "அண்ணை, ஆள் இப்ப எங்கை நித்திரை?" என்று கேட்டார். ஒரு சொல். வேம்பு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் என்ன சொன்னேன்? "சனிக்கிழமை கொப்பியில பாரும்." அவர் சிரித்தார். "ஓ, இப்ப பெரிய எழுத்துக்காரன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

செத்தவீட்டுக்குக் கொப்பியைக் கொண்டுபோனேன். சேட்டுக்குள் வைத்தபடி திரும்பக் கொண்டுவந்தேன். என் பிடிவாதத்தை நினைக்க நினைக்க எரிச்சல் வருகிறது. வழக்கில் அவர் வென்றதை அறியாமலே போய்விட்டார். ஆகவே அந்தப் பக்கத்தின் முதல் வசனத்தை, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் இங்கே எழுதுகிறேன்: செல்லன் மேலே உள்ள வேப்பங்கொப்பில் இரண்டு காலும் ஊன்றி உறங்குகிறது, நீர் சொன்னதுதான் சரி.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு ஒருநாள் அதை அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்தேன். மேலே கொய்யா, வேம்பு, பூவரசு தோலோடு. கோட்டுக்குக் கீழே அலரி, எருக்கலை, கள்ளி. எல்லாவற்றுக்கும் அடியில், நான் அன்று அவரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒன்றுக்கு மறுமொழிபோல, இன்னும் ஒரு வரி இருந்தது: "விளங்காட்டில் வந்து கேளுங்கோ, அண்ணை. வெக்கப்பட ஒண்டுமில்லை."

வாசிகசாலை சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது. பத்து மணிக்கு நான் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைக்கிறேன். இந்தக் கிழமை ஏழு நாளும் வேம்பு. வருகிற சனிக்கிழமையும் எழுதுவேன், ரீச்சர். மழை தொடங்கினால் கொப்பு ஊறும், புதிதாக ஒன்று வெட்ட வேண்டும். வளைந்ததாகவே பார்த்து வைத்திருக்கிறேன்.